லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்கள் கூகுள் டாக்ஸை வைத்து வகுப்பெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் வரிசை மாறாமல் விழுகிறார்கள். இணையம் மெதுவாக இருக்கும், பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள் என்பவற்றையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை, முதல் நாளே தெரிந்துவிடும். பருவம் முழுக்க உறுத்தும் சங்கதிகள் வேறு.

வகுப்பு முழுவதற்கும் ஒரே கோப்பு, ஒரே எடிட் லிங்க்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பகிர்வுப் பெட்டியைத் திறந்து, லிங்க் உள்ள எவரும் நுழையலாம் என்று வைத்து, பக்கத்தில் ‘எடிட்டர்’ என்று மாற்றி, வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது. அரை நிமிட வேலை. அனுமதி கேட்டு மின்னஞ்சல்கள் வந்து குவியாது என்பதால் சுலபமாகவும் தெரிகிறது. ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்று கூகுளே சொல்கிறதே என்பார்கள். கருவி தாங்கும், பிரச்சினை அதில் இல்லை.

கூகுள் கணக்கில் நுழையாமல் அந்த லிங்க்கைத் திறப்பவருக்குப் பெயர் கிடையாது. மேல் மூலையில் கேப்பிபரா, ஆக்சலாட்டில் என்று ஏதோ ஒரு விலங்கு முளைக்கும். யார் எந்த விலங்கு என்ற ஆராய்ச்சியிலேயே பாடவேளையில் பாதி போய்விடும். அது போகட்டும். என் நண்பர் ஒருவர் உழவர் சந்தை விலை நிலவரத்தைப் பற்றிய கள அறிக்கையை இப்படித்தான் எழுதச் சொன்னார். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு தக்காளி, வெங்காய அட்டவணை முழுக்கக் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு நடிகருக்குப் பிறந்தநாள் வாழ்த்து நின்றது. மாணவர்கள் பதறிப்போய் கன்ட்ரோல் இசட்டை அழுத்தினார்கள். கூகுள் டாக்ஸில் அது அவரவர் செய்ததை மட்டுமே திருப்பும். அடுத்தவர் அழித்ததை நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் மீட்க முடியாது.

கோப்பின் பழைய நிலைகளைச் சேமித்து வைத்திருக்கும் பதிப்பு வரலாற்றை நண்பர் திறந்தார். அட்டவணை அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் அழித்தது யார் என்ற இடத்தில் பெயரில்லாதவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துக் காட்டியது. அவருக்குக் கோபம். கடைசி பெஞ்சில் வழக்கமாகக் குறும்பு செய்யும் பையனைக் கூப்பிட்டு விசாரித்தார், வீட்டுக்கும் போன் போட்டார். பிறகுதான் தெரிந்தது, லிங்க் அடுத்த பிரிவின் குழுவுக்கும் போயிருக்கிறது. அட்டவணை அன்றிரவே திரும்பிவிட்டது. அந்தப் பையன் அதன் பிறகு அவர் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். நால்வருக்கு ஒரு கோப்பு. ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியையும் இட்டுப் பகிருங்கள். பொது லிங்க்கை மூடி வையுங்கள். முகவரிகளைச் சேகரிக்க ஒரு பாடவேளை போகும், போகட்டும். எல்லோரும் தனித்தனியே நிரப்ப வேண்டிய பயிற்சித்தாள் என்றால் எடிட் லிங்க்கே தேவையில்லை. பார்வையிடும் அனுமதி மட்டும் கொடுத்து, லிங்க்கின் கடைசியில் ‘எடிட்’ (edit) என்ற ஆங்கிலச் சொல்லும் அதற்குப் பின்னால் இருப்பதும் போய் ‘காப்பி’ (copy) என்று வருமாறு மாற்றி அனுப்புங்கள். திறப்பவரிடம் நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லும். உங்கள் மூலக்கோப்பை யாரும் தொட முடியாது. கூகுள் கிளாஸ்ரூம் பயன்படுத்துகிறவர்கள் ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்பதை ஒப்படைப்பை வெளியிடும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிட்ட பிறகு நினைவு வந்து பயனில்லை.

பழைய பதிப்பை அப்படியே மீட்பது

ஒரு பத்தி போய்விட்டது என்று நேற்றைய பதிப்பை மீட்டால், கோப்பு முழுவதுமே நேற்றைக்குப் போய்விடும். மற்ற மூவர் இன்று காலையில் எழுதியதும் பக்கத்திலிருந்து மறையும். பழைய பதிப்பைத் திறந்து, வேண்டிய பத்தியை மட்டும் நகலெடுத்து, வெளியே வந்து ஒட்டுங்கள்.

மாணவர் எழுதும்போதே திருத்துவது

ஆசிரியரின் கர்சர் பத்திக்குள் வந்ததும் மாணவரின் கர்சர் நின்றுவிடும். கவனித்துப் பாருங்கள், பாதிச் சொல்லில் நிற்கும். நீங்கள் வெளியேறும்வரை அந்தச் சொல் முடியாது. சிலர் எழுதியதையே அழித்துவிடுவார்கள். அவர்கள் எழுதி முடிக்கட்டும்; பிறகு ஓரத்தில் கருத்தாகச் சொல்லுங்கள், அல்லது மாணவர் எழுதியதும் உங்கள் திருத்தமும் சேர்ந்தே தெரியும் பரிந்துரை முறையில் திருத்துங்கள். நேரடியாகத் திருத்திக் கொடுத்தால் எது பிழை என்றே மாணவருக்குத் தெரியாமல் போகும்.

தட்டச்சு செய்தவருக்கே மதிப்பெண்

பதிப்பு வரலாற்றை மட்டும் வைத்து உழைப்பை அளக்காதீர்கள். விடுதியில் ஒரே மடிக்கணினி. மூவர் சொல்ல ஒருவர் தட்டுவார்.

பாமினியில் அடித்ததை ஒட்டச் சொல்வது

தமிழில் எழுதச் சொல்கிறவர்களுக்கு மட்டும். வீட்டிலோ டிடிபி கடையிலோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வந்ததை டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது, கடைகள் இன்னும் ஏற்கவில்லை. மாணவர் அதைக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்து அழிப்பார். எழுத்துருமாற்றி ஒன்றை முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள்.

கைபேசியில் அட்டவணை

வேண்டாம்.

எல்லாம் மேகத்தில் இருக்கிறது என்ற நிம்மதி

கோப்பைத் தொடங்கிய மாணவரே அதன் உரிமையாளர். அவர் அதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினால் 30 நாளில் நிரந்தரமாக அழியும். படிப்பு முடிந்து கல்லூரிக் கணக்கை நீக்கும்போது, யாருக்கும் மாற்றிக்கொடுக்காத கோப்புகளும் அதோடு போகும். கருவிக்கே ஆயுள் முடிவதும் உண்டு: கரும்பலகைக்குப் பதிலாகப் பல ஆசிரியர்கள் நம்பியிருந்த ஜாம்போர்டை 2024 டிசம்பர் 31 அன்று கூகுள் மூடிவிட்டது. கோப்பை நீங்களே தொடங்கி மாணவர்களுக்குப் பகிருங்கள். மதிப்பெண் போட்ட அன்றே ஒரு பிடிஎஃப் இறக்கி, பிரிவு வாரியாகப் பெயரிட்டுத் துறைக் கணினியில் வையுங்கள். மறுமதிப்பீடு கேட்டு மாணவர் வரும்போது எடுத்துக் காட்ட அது வேண்டும்.