குறைந்த விலையில் நல்ல இயர்போன்: எந்த நாட்டு விலையை நம்புவது?

காதுக்குள் பொருந்தும் கம்பி இயர்போன்களின் விலை அண்மை ஆண்டுகளில் பெரிதும் இறங்கியிருக்கிறது. மூன்டிராப் நிறுவனத்தின் 'சூ', 7ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் 'சால்நோட்ஸ் ஜீரோ' ஆகிய இரண்டும் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 டாலருக்கு வந்தன. அதுவரை பல மடங்கு செலவழித்தவர்களுக்கே கிடைத்துவந்த சமநிலையான ஒலியை அவை சாதாரண மாணவருக்கும் எட்டச் செய்தன. ஆனால், விமர்சனத்தில் டாலர் விலையைப் பார்த்து, அதை ரூபாய்க்கு மாற்றி, இந்தியக் கடையில் அதைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டு, நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுக்கு வருபவர்கள் பலர். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது.

முதலில் ஒவ்வொரு நாட்டிலும் விலைச்சீட்டில் எது அடங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் அச்சிடப்படும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. இயர்போனுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடைகள் காட்டும் விலையில் மாநில விற்பனை வரி சேராது. பணம் செலுத்தும்போதுதான் அது கூடும். பிரிட்டனில் 20 சதவீதமும் ஜப்பானில் 10 சதவீதமும் சிங்கப்பூரில் 2024 முதல் 9 சதவீதமும் துபாயில் 5 சதவீதமும் வரி உண்டு. மேலும், பழைய விமர்சனங்களில் உள்ள டாலர் விலை அமெரிக்கர்களுக்கே இன்று பொருந்தும் என்று சொல்ல முடியாது. 800 டாலர் வரையிலான சிறு பொதிகளுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கைச் சீனப் பொருள்களுக்கு அந்நாடு 2025 மே மாதத்தில் நீக்கிவிட்டது.

ஆகவே கைக்கு வந்து சேரும் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். ஓர் உதாரணத்துக்கு ஒரு டாலர் 90 ரூபாய் என்றும், சுங்க வரி 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 20 டாலர் இயர்போன் 1,800 ரூபாய். அனுப்பும் செலவு 300 ரூபாய் சேர்ந்தால் 2,100. அதன்மேல் சுங்க வரி 420 ரூபாய் கூடி 2,520 ஆகும். 18 சதவீத ஜி.எஸ்.டி. பொருளின் விலைமீது மட்டும் அல்லாமல் சுங்க வரியும் சேர்ந்த தொகையின்மீது விதிக்கப்படுவதால் மொத்தம் சுமார் 2,974 ரூபாயாகிவிடும். கூரியர் நிறுவனம் சுங்கத்தில் பொதியை விடுவித்ததற்காகக் கேட்கும் கட்டணம் இதற்கும் மேல். அதே இயர்போனை இந்தியக் கடை 2,300 ரூபாய்க்கு விற்றால், மொத்தமாக இறக்குமதி செய்வதால் கிடைக்கும் சிக்கனத்தின் ஒரு பகுதியை நமக்கும் தருகிறது என்றே கொள்ள வேண்டும். வாங்கும் நாளில் நடப்பிலுள்ள வரி விகிதத்தையும் நாணய மதிப்பையும் இட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புகளுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2020 நவம்பரில் இந்திய அரசு தடைசெய்த 43 செயலிகளில் சீன இணையக் கடையான அலிஎக்ஸ்பிரஸும் ஒன்று என்பதால், வெளிநாட்டு விமர்சகர்கள் கொடுக்கும் அந்தக் கடையின் இணைப்புகளும் இங்கே உதவமாட்டா.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் அண்ணனோ சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம்தான். விலையுயர்ந்த இயர்போனுக்கு அது பொருந்தும். 3,000 ரூபாய்க்குள் அடங்கும் பொருளுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. வாரண்டி பெரும்பாலும் விற்ற நாட்டில் மட்டுமே செல்லும். மலிவான இயர்போனில் வழக்கமாக வரும் கோளாறு ஒரு பக்கம் ஒலி குன்றுவதுதான். அதற்காக அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தால், மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய்க்கு அர்த்தமே இல்லை.

விலையை ஒப்பிடும்போது பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மைக் உள்ளது, இல்லாதது, 3.5 மி.மீ. முனை, யு.எஸ்.பி. சி முனை என ஒரே இயர்போன் பல வடிவங்களில் வருகிறது. மூன்டிராப் 'சூ'வின் முதல் வடிவத்தில் கேபிளைக் கழற்ற முடியாது. 'சூ 2'இல் 0.78 மி.மீ. இரட்டை முள் இணைப்பு இருப்பதால் கேபிள் பழுதானால் அதை மட்டும் மாற்றிவிடலாம். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று நினைப்பவர் நூறு, இருநூறு ரூபாய் கூடுதலானாலும் கழற்றக்கூடிய கேபிளையே தேர்ந்தெடுக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு இயர்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று காட்டும் ஒலித்திறன் எண்ணிலும் கவனம் தேவை: 32 ஓம் இயர்போன் ஒன்றை மில்லிவாட் அளவில் 105 டெசிபல் என்றும், வோல்ட் அளவில் 120 டெசிபல் என்றும் குறிக்கலாம், இரண்டும் ஒன்றே.

இனி ஒலிக்கு வருவோம். இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர் எத்தனை இருக்கின்றன என்ற எண்ணிக்கையைக் கொண்டு தரத்தை அளக்க முடியாது. நன்றாகச் சரிசெய்யப்பட்ட ஒற்றை டிரைவர், அவசரமாக அடுக்கப்பட்ட நான்கைவிடத் தெளிவாக ஒலிக்கும். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எது எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று காட்டும் அலைவரிசை வரைபடங்கள் உதவும், ஆனால் வெவ்வேறு கருவிகளில் அளந்த இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தராது. வரைபடத்தால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. அது உங்கள் காதுத் துளையின் அளவு.

இயர்போனின் முனையில் மாட்டும் மென்மையான உறையான இயர்டிப் காதை முழுமையாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்துவிடும். பெட்டியில் வரும் சிறிய, நடுத்தர, பெரிய இயர்டிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, மறு கையால் இயர்போனை லேசாகத் திருகி உள்ளே செலுத்த வேண்டும். பிறகு தெளிவாகப் பதிவான ஒரு மிருதங்கத் தனியை ஒலிக்கவிட்டு இடப்பக்கத் தொப்பியின் ஒலியைக் கவனியுங்கள். அது மெலிந்து வெறும் தட்டலாகக் கேட்டால் அடைப்புச் சரியில்லை. வாயைத் திறந்து மூடும்போது அந்த ஒலி வந்து வந்து போனால் அடுத்த பெரிய அளவுக்கு மாற வேண்டும். தொப்பியின் கும்காரம் நிறைந்து, வலந்தலையின் நாதத்தை அது மூடாமலும் இருந்தால் அளவு சரி. இரண்டு காதுகளுக்கும் ஒரே அளவுதான் பொருந்த வேண்டும் என்பதில்லை. அடுத்து, ஜால்ராவும் பாடகரின் 'ச', 'ஷ' ஒலிகளும் காதைக் குத்துகின்றனவா என்று பாருங்கள். குத்தினால் ஒரு மணி நேரத்தில் சலிப்புத் தட்டும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். நன்றாக அடைபடும் இயர்போனில் பேருந்து இரைச்சலிலும் ஒலியைக் கூட்டத் தேவையிருக்காது என்பதால் செவிக்கும் அது நல்லது.

செல்பேசியில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால், இயர்போனை யு.எஸ்.பி. சி துளையில் இணைக்க உதவும் சிறு இணைப்பானான டாங்கிளின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் யு.எஸ்.பி. சி டாங்கிள் சில ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் குறைந்த ஒலியளவையே தரும் என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

பொதி வந்தவுடன் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துவைத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு காதிலும் ஒரே ஒலியைத் தரும் ஒற்றைத் தடப் (மோனோ) பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டு, குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று சோதியுங்கள். சாய்ந்தால் இடத்தையும் வலத்தையும் மாற்றி மாட்டிப் பாருங்கள்; சாய்வும் பக்கம் மாறினால் குறை இயர்போனிலோ செல்பேசியின் ஒலி அமைப்பிலோ இருக்கிறது, மாறாவிட்டால் இயர்டிப் அந்தக் காதில் சரியாக அடைக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.