அப்பாச்சி மாட்யூல் ஏறவில்லையா? எர்ரர் வரியின் வாலைப் பாருங்கள்

சேலம் லீ பஜார் பக்கம் ஒரு மண்டியை எடுத்துக்கொள்வோம். மாடியில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் உபுண்டு ஆபரேட்டிங் சிஸ்டம், பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி மொழியில் எழுதிய பில்லிங். அப்பாச்சியில் கூடுதலாகச் செருகும் துண்டு மென்பொருள்தான் மாட்யூல்; பிஎச்பியை ஓட்டுவதும் அப்படி ஒரு மாட்யூல்தான். கீழே நான்கு கவுன்ட்டர்களும் பிரவுசரில் அதைத் திறந்துதான் பில் போடுகின்றன. சனிக்கிழமை ராத்திரி உபுண்டுவை 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றுகிறார்கள். திங்கள் காலை எந்தக் கவுன்ட்டரிலும் பக்கம் திறக்கவில்லை. வாசலில் லாரி நிற்கிறது. இந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்திலேயே அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தைத் தனியே சொல்கிறோம்.

படி 1: ரீஸ்டார்ட் வேண்டாம், முதலில் டெஸ்ட்

சூடோ அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்

இது அப்பாச்சியைத் தொடாமல் அதன் அமைப்பு ஃபைல்களை (கான்ஃபிக்) மட்டும் சரிபார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி தன் மாட்யூல்களை ஏற்கெனவே மெமரியில் வைத்திருக்கும். டிஸ்கில் ஃபைல் கெட்டுப்போனாலும் அதற்கு உடனே தெரியாது. சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அடித்தால் பழையதை நிறுத்திவிட்டுத்தான் புதிதாகத் தொடங்கும். கான்ஃபிகில் கோளாறு இருந்தால் இருந்ததும் போச்சு. 'நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே' என்று சொல்வதும் இதனால்தான். கோளாறு போன மாதமே விழுந்திருக்கும், கரண்ட் போய் வந்த இன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது.

கை வைப்பதற்கு முன் /எட்ஸி/அப்பாச்சி2 ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். சில விநாடி வேலைதான்.

படி 2: வரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்

நம் மண்டியில் வந்த எர்ரர் இது:

சின்டாக்ஸ் எர்ரர் ஆன் லைன் 3 ஆஃப் /எட்ஸி/அப்பாச்சி2/மாட்ஸ்-எனேபிள்ட்/பிஎச்பி8.1.லோட்: கேனாட் லோட் /யூஎஸ்ஆர்/லிப்/அப்பாச்சி2/மாட்யூல்ஸ்/லிப்பிஎச்பி8.1.எஸ்ஓ இன்டு சர்வர்: /யூஎஸ்ஆர்/லிப்/அப்பாச்சி2/மாட்யூல்ஸ்/லிப்பிஎச்பி8.1.எஸ்ஓ: கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

'சின்டாக்ஸ் எர்ரர்' என்பதைப் பார்த்துவிட்டு மூன்றாவது வரியில் எழுத்துப்பிழை தேடுவார்கள். அங்கே பிழை எதுவும் இருக்காது. 'இந்த வரியைப் படிக்கும்போது நின்றுவிட்டேன்' என்பது மட்டுமே அதன் பொருள். 'கேனாட் லோட்' என்பதும் எல்லா மாட்யூல் கோளாறுக்கும் பொதுவாக வருவது. நோய் என்னவென்று சொல்வது அதற்குப் பிறகு வரும் வால் பகுதிதான். எந்த ஃபைல் பெயர், அதற்குப் பின் என்ன புகார் என்று அந்த இரண்டை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வாலுக்கு ஏற்ற வைத்தியம்

'நோ சச் ஃபைல்' என்று வந்து, வாலில் இருப்பது மாட்யூலின் பெயரே என்றால் அந்த ஃபைல் டிஸ்கில் இல்லை. உபுண்டு 22.04-ல் வருவது பிஎச்பி 8.1, 24.04-ல் வருவது 8.3. அப்கிரேடு பழையதைத் தூக்கிவிட்டது. ஆனால் மாட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரில் 8.1-ஐக் கூப்பிடும் இணைப்பு அப்படியே கிடக்கிறது.

சூடோ ஏ2டிஸ்மாட் பிஎச்பி8.1
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி8.3 பிஎச்பி8.3-மைஎஸ்க்யூஎல்
சூடோ ஏ2என்மாட் பிஎச்பி8.3

முதல் வரி பழைய மாட்யூலை அணைக்கிறது, கடைசி வரி புதியதை இயக்குகிறது. நடு வரியில் உள்ள, டேட்டாபேஸோடு பேச உதவும் மைஎஸ்க்யூஎல் பேக்கேஜை விட்டுவிட்டால் அப்பாச்சி எழுந்துவிடும், பில்லிங் மட்டும் வெள்ளைப் பக்கமாக நிற்கும்.

வாலில் வேறு ஏதோ ஒரு ஃபைலின் பெயர் இருந்தால் கதை வேறு. மாட்யூல் இருக்கிறது, அது சார்ந்திருக்கும் லைப்ரரிதான் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) இல்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கண்ணெதிரே மாட்யூல் ஃபைல் இருக்கும், ஆனாலும் 'இல்லை' என்று சர்வர் சொல்லும்.

எல்டிடி /யூஎஸ்ஆர்/லிப்/அப்பாச்சி2/மாட்யூல்ஸ்/லிப்பிஎச்பி8.3.எஸ்ஓ | கிரெப் "நாட் ஃபவுண்ட்"

எது குறைகிறதோ அது இதில் வரும். அந்த லைப்ரரி உள்ள பேக்கேஜை நிறுவினால் போதும். பெயரின் கடைசியில் எஸ்ஓ.5 என்று உள்ள லைப்ரரியைக் கேட்கும் இடத்தில் எஸ்ஓ.4-க்கு ஒரு இணைப்பு போட்டு ஏமாற்றாதீர்கள். அந்த எண் மாறியிருக்கிறது என்றாலே உள்ளே பொருந்தாத மாற்றம் இருக்கிறது. இன்று ஏறும், நாளைக்கு பில் நடுவே விழும்.

'ஃபைல் டூ ஷார்ட்' என்பது ஏற்காட்டுக்கென்றே அமைந்த எர்ரர் போல. சித்திரை, வைகாசியில் இடியோடு மழை இறங்கும், கரண்ட் போகும். அந்த நேரம் பார்த்து எஸ்டேட் ஹோம்ஸ்டேயின் புக்கிங் கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் ஃபைல் பாதியில் நின்றுவிடும். எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள், அளவு 0 என்று காட்டினாலும் காட்டும். அதற்கு:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி8.3

பிறகு டிபிகேஜி -வி என்று, வி பெரிய எழுத்தில், அடித்தால் நிறுவிய பேக்கேஜ்களில் வேறு எந்த ஃபைல் மாறிப்போயிருக்கிறது என்று பட்டியல் வரும். இதற்காக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைக்குப் போக வேண்டியதில்லை. லைன் இருந்தால் சேலத்திலிருந்தே எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) மூலம் செய்யலாம். அப்பாச்சி படுத்தாலும் எஸ்எஸ்எச் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். வேறொரு மெஷினிலிருந்து எஸ்ஓ ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து போடும் வேலை மட்டும் வேண்டாம். அடுத்து வரும் இரண்டு எர்ரரையும் அதுவே வரவழைக்கும்.

'அன்டிஃபைன்ட் சிம்பல்: பிஎச்பி7_மாட்யூல்' என்று வந்தால் மாட்யூலைக் கூப்பிடும் லோட்மாட்யூல் வரியைத் திறந்து பாருங்கள். பிஎச்பி 7 வரை மாட்யூலின் உள்பெயரில் எண் இருந்தது. 8-லிருந்து வெறும் பிஎச்பி_மாட்யூல்தான். பிஎச்பி8_மாட்யூல் என்று ஊகித்து எழுதினாலும் ஏறாது.

'கார்பிள்ட்' என்று வரும் எர்ரர் பார்க்கப் பயமாக இருக்கும்: எக்ஸ்பெக்டட் சிக்னேச்சர் 41503234, ஆனால் கண்டது வேறு எண். இதை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கள். கம்ப்யூட்டரின் எழுத்துக் குறியீட்டில் 41 என்பது ஏ, 50 என்பது பி, 32 என்பது 2, 34 என்பது 4. ஏபி24, அதாவது அப்பாச்சி 2.4-க்கான முத்திரை. கண்டது 41503232 என்றால் அந்த மாட்யூல் 2.2 காலத்துச் சரக்கு. சம்பந்தமே இல்லாத எண் என்றால் அது அப்பாச்சி மாட்யூலே இல்லை, அல்லது லோட்மாட்யூல் வரியில் பெயர் தப்பு. மாட்யூலின் சோர்ஸ் (மூல நிரல்) கையில் இருந்தால் அப்பாச்சி2-டெவ் பேக்கேஜை நிறுவி, ஏபிஎக்ஸ்எஸ் கருவி கொண்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். சோர்ஸ் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு மாற்று தேடுங்கள்.

'த்ரெடட் எம்பிஎம்' என்று புலம்பினால் மாட்யூலில் குறையில்லை, ஜோடிதான் தப்பு. எம்பிஎம் என்பது வரும் கோரிக்கைகளை அப்பாச்சி எப்படிப் பிரித்துக் கவனிக்கும் என்ற முறை; ஈவென்ட், ப்ரீஃபோர்க் என்பவை அதன் வகைகள். உபுண்டு தரும் பிஎச்பி மாட்யூல் ஈவென்ட் எம்பிஎம்மோடு சேராது, ப்ரீஃபோர்க் வேண்டும்.

சூடோ ஏ2டிஸ்மாட் எம்பிஎம்_ஈவென்ட்
சூடோ ஏ2என்மாட் எம்பிஎம்_ப்ரீஃபோர்க் பிஎச்பி8.3

முதல் வரியை மறந்தால் 'கான்ஃப்ளிக்ட்' என்று இரண்டாவது வரி மறுத்துவிடும். எம்பிஎம் மாற்றிய பிறகு மட்டும் ரீலோடு (நிறுத்தாமல் கான்ஃபிகை மறுபடி படிக்க வைப்பது) போதாது, முழு ரீஸ்டார்ட் தேவை. நான்கு கவுன்ட்டர் கடைக்கு ப்ரீஃபோர்க் தாராளம். ஆன்லைன் கடை நடத்துகிறீர்கள், கூட்டம் வரும் என்றால் ஈவென்டை வைத்துக்கொண்டு, பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் பக்கம் போவதே எங்கள் யோசனை.

'இன்வேலிட் கமாண்ட் ரீரைட்எஞ்சின்' என்றால் மாட்யூலை இயக்கவே இல்லை. ஏ2என்மாட் ரீரைட், அவ்வளவுதான். 'ஆல்ரெடி லோடட், ஸ்கிப்பிங்' என்பது எச்சரிக்கை மட்டுமே, ஒரே மாட்யூலை இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

படி 4: ஏறிவிட்டதா?

மறுபடியும் கான்ஃபிக்டெஸ்ட். 'சின்டாக்ஸ் ஓகே' வந்தபின் அப்பாச்சி நின்றிருந்தால் ஸ்டார்ட், ஓடிக்கொண்டிருந்தால் ரீலோடு. பிறகு:

அப்பாச்சி2சிடிஎல் -எம் | கிரெப் பிஎச்பி

எம் பெரிய எழுத்து. பிஎச்பி_மாட்யூல் என்று ஒரு வரி வர வேண்டும்.

பிரவுசரில் பில்லிங் பக்கத்துக்குப் பதில் பிஎச்பி கோடே கொட்டினாலோ, ஃபைல் டவுன்லோடு ஆனாலோ, சர்வர் ஓடுகிறது, மாட்யூல் இல்லை என்று பொருள். உடனே சர்வரை நிறுத்துங்கள். சில புரோகிராம்களில் அப்படிக் கொட்டும் கோடில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருக்கும்.

எல்லாம் சரியான பிறகும் மண்டியிலிருந்து இன்னொரு போன் வரும்: 'சரக்கு போட்டோ ஏறமாட்டேங்குது.' இது மாட்யூல் கோளாறு இல்லை. 8.1-ல் நீங்கள் கூட்டி வைத்த அப்லோடு அளவு /எட்ஸி/பிஎச்பி/8.1/அப்பாச்சி2/பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலிலேயே தங்கிவிட்டது. 8.3-க்குத் தனி ஃபைல், அதில் அப்லோடு_மேக்ஸ்_ஃபைல்சைஸ் மறுபடி 2எம் (2 எம்பி) அளவிலிருந்து தொடங்கும். அதையும் போஸ்ட்_மேக்ஸ்_சைஸையும் பழைய அளவுக்கு மாற்றிவிட்டு ஒரு ரீலோடு கொடுங்கள்.