ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டுக்குக் காப்புரிமை: மேல்முறையீட்டில் சறுக்கும் இடங்கள்

தர்மபுரி பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். சேலம் வண்டி கிளம்பினால்தான் அந்த இடத்தில் கிருஷ்ணகிரி வண்டி நுழைய முடியும். இடம் கிடைக்காத வண்டி வெளியே சாலையில் காத்திருக்கும்.

நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் இதே தலைவலிதான். மதிப்புகளை உடனே எடுக்கும்படி சிப்புக்குள் வைக்கும் சிறு இடங்கள்தான் ரெஜிஸ்டர்கள். எக்ஸ்86-64 வகைச் சிப்பில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் 16தான். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு மாறிகளை, அதாவது நிரலில் பெயரிட்டு வைக்கும் மதிப்புகளை, ஒரே ரெஜிஸ்டரில் வைக்க முடியாது. இடமில்லாதது நினைவகத்துக்குப் போய்த் திரும்பும். இதை ‘ஸ்பில்’ என்பார்கள்.

இதில் புது வழி கண்டவர்கள் காப்புரிமை மறுக்கப்பட்டதும் ‘எங்கள் அல்காரிதம் எவ்வளவு நுட்பமானது தெரியுமா’ என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. மாறிகளைப் புள்ளிகளாக்கி, ஒரே நேரத்தில் தேவைப்பட்டு மோதுபவற்றைக் கோட்டால் இணைத்து, ரெஜிஸ்டருக்கு ஒரு நிறம் என்று கொடுக்கிறோம் என்று மட்டும் சொன்னால் அது கணிதம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறையையும் அல்காரிதத்தையும் வெறும் கணினி நிரலையும் வெளியே நிறுத்துகிறது. ஃபெரித் அல்லானி வழக்கில் 2019ல் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவைப் பார்க்கச் சொன்னது. ஆகவே ஸ்பில் எங்கே குறைகிறது, நினைவகப் போக்குவரத்து எப்படிக் குறைகிறது, இயந்திரத்துக்குள் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லுங்கள்.

அதையும் முதல் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். முதலில் சொல்லாததைத் திருத்தமாக நுழைக்க 59ஆம் பிரிவு விடாது.

‘அமெரிக்காவில் கொடுத்தார்களே’ என்ற வாதமும் உதவாது. நிறமிடும் முறைக்கு ஐபிஎம்மின் கிரிகரி சைட்டின் 1986ல் அங்கே காப்புரிமை பெற்றது உண்மைதான். ஆனால் அந்த நாட்டுக் காப்புரிமை இங்கே செல்லாது. அதைவிட, அதை நீங்களே மேற்கோள் காட்டினால் உங்கள் முறை புதிதல்ல என்பதற்கு நீங்களே சாட்சி!

அப்புறம், ஓசூர்க்காரர்கள் கவனிக்க. பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது என்று அங்கே கிளம்பிவிடாதீர்கள். காப்புரிமை அலுவலகம் அங்கே இல்லை. தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்குச் சென்னை அலுவலகம். அதன் மறுப்பை எதிர்த்து முன்பு அறிவுசார் சொத்துரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அது 2021ல் கலைக்கப்பட்டது. இப்போது சென்னை உயர் நீதிமன்றம்தான். மேல்முறையீடு செய்ய உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதம். உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல.