ஸ்மார்ட் சாவியும் கார் ஆடியோவும்: புதிதாகப் பழகுவோருக்குப் படிப்படியாக

1994-இல் வந்த கான்சிலையோ பழைய வீராவையோ ஓட்டிப் பழகியவர்களுக்கு, சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினால்தான் கார் எடுத்த மாதிரி இருக்கும். இப்போது மைவி, பெஸ்ஸா, சாகா என்று நம் மலேசியக் கார்களிலேயே பல ரகங்களில் திருப்ப எதுவும் இல்லை. பொத்தான்தான். புதுக் கார் கொடுக்கும் நாளில் விற்பனையாளர் எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லிவிடுவார். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அப்புறம் ஒரு நாள் மிட்வேலி பேரங்காடியின் அடித்தளக் கார் நிறுத்தத்தில், கையில் பைகளோடு, திறக்காத கதவின் முன்னால் நிற்கும்போதுதான் ஒன்றும் தெரியாதது தெரியும். அப்படி நிற்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

சாவிக்கும் காருக்கும் நடக்கும் பேச்சு

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய ரேடியோ அலை ஒன்றை அனுப்பும். அது ஒரு மீட்டர் அளவுக்குத்தான் எட்டும். அந்த எல்லைக்குள் உங்கள் சாவி இருந்தால், தன் ரகசியக் குறியீட்டைப் பதிலாக அனுப்பும். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். ஆகவே சாவியை வெளியே எடுக்க வேண்டியதில்லை. பையிலோ சட்டைப்பையிலோ இருந்தால் போதும்.

அந்தப் பேச்சு கெட்டுப்போகச் சில காரணங்கள் உண்டு. சாவியும் கைப்பேசியும் ஒரே பையில் ஒட்டிக்கொண்டிருப்பது, பவர்பேங்க் பக்கத்தில் இருப்பது, உலோக டப்பாவுக்குள் சாவி மாட்டிக்கொள்வது, பலமான ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் நிற்பது. திறக்கவில்லை என்றால் முதலில் சாவியைத் தனியாக எடுத்துக் கைப்பிடிக்குப் பக்கத்தில் பிடித்து, மறுபடி தொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

திறப்பது, பூட்டுவது

கைப்பிடியில் சிறிய கறுப்புப் பொத்தான் இருக்கிறதா, அல்லது பொத்தானே இல்லாமல் தொட்டாலே திறக்கும் வகையா என்று பாருங்கள். பொத்தான் என்றால் ஒரு முறை அழுத்துங்கள். தொடும் வகை என்றால், திறக்கக் கைப்பிடியின் உட்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். பூட்ட, வெளிப்பக்கத்தில் உள்ள சின்னக் கோடு அல்லது குழியைத் தொட வேண்டும். பல கார்களில் பூட்டும்போது விளக்கு ஒரு முறையும் திறக்கும்போது இரண்டு முறையும் மினுக்கும். உங்கள் காரின் கணக்கு என்ன என்பதை இன்றே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். தொடும் வகைக் காரில் இது உதவாது. சாவி உங்களிடம் இருப்பதால், இழுத்தவுடன் கார் உங்களை அடையாளம் கண்டு மறுபடி திறந்துகொள்ளும். அதனால் கண்ணால் பாருங்கள். விளக்கு மினுக்கியதா, பக்கக் கண்ணாடிகள் மடங்கினவா? ரிமோட் அலையை வேண்டுமென்றே தடுத்துவிட்டு, பூட்டாத காரில் கைவைக்கும் திருடர்களும் உண்டு. மினுக்காத காரை விட்டு நகராதீர்கள்.

பூட்ட மறுத்துக் கார் பீப் பீப் என்று கத்தினால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை, எஞ்சின் அல்லது மின்சாரம் இன்னும் அணையவில்லை, அல்லது இரண்டாவது சாவி காருக்குள் இருக்கிறது. மனைவியின் கைப்பையில் ஒரு சாவி, உங்கள் பையில் ஒரு சாவி என்று இருவரும் கிளம்பும் குடும்பங்களில் இந்த மூன்றாவது காரணம் அடிக்கடி வரும்.

காரைக் கழுவும்போது சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கைப்பிடியில் தண்ணீர் படப்பட, சில கார்களில் கதவு தானே பூட்டித் திறந்து விளையாடும்.

கிளப்புவதும் அணைப்பதும்

கியர் பி-யில் (நிறுத்தும் நிலையில்) இருக்க வேண்டும். பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். பிரேக் மிதிக்காமல் அழுத்தினால் எஞ்சின் ஓடாது. அப்படி அழுத்தும்போது முதல் அழுத்தத்தில் ரேடியோ மட்டும், இரண்டாவதில் எல்லா மின்சாரமும், மூன்றாவதில் அணைப்பு என்பதுதான் பல கார்களின் வரிசை. ரேடியோ மட்டும் கேட்க அந்த முதல் நிலை போதும். ஆனால் அது கார் பேட்டரியைத் தின்னும். பிள்ளையின் டியூஷன் முடியும் வரை எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தால், கிளம்பும் நேரத்தில் கார் எழும்பாமல் போகலாம்.

அணைக்கும்போது கியரைப் பி-க்குக் கொண்டுவந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு கியரில் அழுத்தினால் எஞ்சின் நிற்கும், ஆனால் மின்சாரம் முழுதாக அணையாமல் தங்கிவிடும். காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது சாவியோடு நீங்கள் இறங்கிப் போனால் கார் பீப் அடித்து எச்சரிக்கும், ஆனால் நின்றுவிடாது. இன்றைய எஞ்சின்கள் அத்தனை சத்தமும் போடுவதில்லை. மூடிய கராஜில் அப்படி ஓடிக்கொண்டிருக்கும் கார் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிரைப் பறிக்கும். இறங்குமுன் மீட்டர் பலகை இருண்டுவிட்டதா என்று ஒரு பார்வை பாருங்கள். வயதான அப்பா அம்மாவுக்குக் கார் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தையாவது சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

ஓடும் காரில் ஏதோ ஆபத்து, எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், பொத்தானை இரண்டு மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படி நின்றால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். சாதாரண நேரத்தில் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

சாவியின் பேட்டரி செத்துவிட்டால்

இதைத்தான் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு முறை, வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும்.

சாவியின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் உள்ளிருந்து ஒரு உலோகச் சாவி வரும். ஓட்டுநர் கதவில் அதற்கான துவாரம் உண்டு. சில மாடல்களில் கைப்பிடியின் ஒரு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அந்தச் சாவியால் கதவைத் திறங்கள். திருட்டு அலாரம் அடித்தால் பயப்பட வேண்டாம், கார் கிளம்பியதும் நின்றுவிடும்.

உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியையே ஸ்டார்ட் பொத்தானின் மேல் ஒட்டிப் பிடியுங்கள். கார் பீப் அடித்ததும் அல்லது பொத்தானில் விளக்கு மாறியதும் அழுத்துங்கள். பல கார்களில் சாவியின் சின்னம் பொறித்த பக்கம் பொத்தானைப் பார்த்திருக்க வேண்டும். வேறு சில கார்களில் பொத்தானுக்குப் பதிலாக, கப் வைக்கும் குழியிலோ நடுப்பெட்டியிலோ சாவியை வைக்க இடம் இருக்கும். உங்கள் காரில் எங்கே என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். பேட்டரி இல்லாமல் இது எப்படி வேலை செய்கிறது? சாவிக்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது. பொத்தானைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்புக்கு வேண்டிய துளி மின்சாரத்தைக் காற்றிலேயே கொடுத்துவிடுகிறது. அதற்குத்தான் இத்தனை நெருக்கம்.

பேட்டரி மாற்றுவது நாமே செய்யக்கூடிய வேலை. பெரும்பாலான சாவிகளில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணயப் பேட்டரிதான். எண் பழைய பேட்டரியின் மேலேயே பொறித்திருக்கும், அதைப் பார்த்தே வாங்குங்கள். உலோகச் சாவியை வெளியே எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு மெல்லிய பிளவு தெரியும். தட்டையான ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணி சுற்றி, அந்தப் பிளவில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். டக் என்ற சத்தத்தோடு இரண்டு பாதியாகப் பிரியும். கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை ஓரங்களில் பிடித்து வையுங்கள், பேட்டரியின் தட்டையான முகத்தில் விரல் எண்ணெய் படக்கூடாது. சுற்றி ரப்பர் வளையம் இருந்தால் அது நழுவாமல் பார்த்து மூடுங்கள், தண்ணீர் புகாமல் காப்பது அதுதான். கழற்றிய பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி விடவே கூடாது. விழுங்கினால் தொண்டையைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

புதுப் பேட்டரி போட்டும் கார் மௌனமாக இருந்தால், இறங்கியது காரின் 12 வோல்ட் பேட்டரியாக இருக்கலாம். அதற்கு இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிளோ பட்டறையோதான் வழி.

இரவில் சாவி எங்கே?

வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லிங்க் வீடுகளில் வாசல் கதவுக்கும் காருக்கும் நடுவே சில அடிதான் இடைவெளி. கதவோரத்து ஆணியில் சாவியை மாட்டிவைத்தால், வெளியே நிற்கும் திருடன் ஒரு கருவியால் காரின் அழைப்பைச் சாவிக்கும், சாவியின் பதிலைக் காருக்கும் கடத்திவிட முடியும். சாவி பக்கத்தில் இருப்பதாகவே கார் நம்பிவிடும். அதனால் சாவியை வீட்டின் உள்ளறையில் வையுங்கள். அலை தடுக்கும் உறை வாங்கினால் சோதித்துவிட்டு நம்புங்கள்: சாவியை உறைக்குள் போட்டு, காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் அந்த உறை வீண்.

இனி பாட்டு

ரேடியோவில் தொடங்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்.எம். 92.3, ராகா 99.3. அலைவரிசையைப் பிடித்ததும் எண் பொத்தானை பீப் கேட்கும் வரை அழுத்திப் பிடித்தால் பதிவாகிவிடும். வெளியூர் போகும்போது அதே நிலையம் வேறு எண்ணில் வரலாம். அமைப்புகளில் ஏ.எஃப். என்று இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். நிலையம் அந்தத் தகவலை அனுப்பினால், நல்ல சிக்னல் உள்ள எண்ணுக்குக் கார் தானே மாறிக்கொள்ளும். காராக் நெடுஞ்சாலையில் மலை மறைத்து இரைச்சல் வருவதை மட்டும் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து புளூடூத். கார் நின்றிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஓடும்போது பல கார்கள் அனுமதிக்காது. கைப்பேசியில் புளூடூத்தைத் திறங்கள். கார்த்திரையில் புதுக் கருவியைச் சேர்க்கும் இடத்துக்குப் போங்கள். கைப்பேசியில் காரின் பெயர் வந்ததும் தொடுங்கள். இரண்டு திரையிலும் ஒரே எண் தெரிகிறதா என்று பார்த்துச் சரி கொடுங்கள். தொடர்பு எண்களைக் காட்டலாமா என்று கேட்கும். உங்கள் சொந்தக் கார் என்றால் சரி சொல்லலாம், வாடகைக் காரில் வேண்டாம்.

இணையவில்லை என்றால் மறுபடி மறுபடி முயல்வதை விட, கார்ப் பட்டியலிலும் கைப்பேசியிலும் பழைய பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் சீக்கிரம் முடியும். அழைப்பு வருகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்றால், அந்த இணைப்புக்குள் போய் ‘மீடியா ஆடியோ’ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பேச்சும் பாட்டும் தனித்தனித் தடத்தில் போகின்றன. வாசலில் கார் கிளம்பும்போது, வீட்டுக்குள் இருப்பவரின் கைப்பேசி காரோடு ஒட்டிக்கொண்டு, அவருடைய அழைப்பு காரில் ஒலிப்பதும் உண்டு. யாருடைய பேசிக்கு முன்னுரிமை என்பதைத் திரையில் தேர்ந்தெடுக்கலாம்.

சத்தம் சன்னமாக, இரைச்சலோடு கேட்டால், கைப்பேசியின் ஒலியை முக்கால் அளவுக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டக் குறைக்கக் காரின் குமிழைப் பயன்படுத்துங்கள். வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி வழி சொல்லும் குரல் கேட்கவில்லையா? அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும் நொடியிலேயே குமிழைத் திருப்ப வேண்டும். பாட்டுக்கு ஒரு அளவு, வழிகாட்டிக்கு ஒரு அளவு என்று கார் தனித்தனியாக வைத்திருக்கும்.

தம்ப் டிரைவில் தேவாரமும் பழைய பாடல்களும் கேட்பவர்கள் அதைக் கணினியில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, எம்.பி.3 கோப்புகளாகப் போடுங்கள். பல ஆடியோக்கள் வேறு முறைகளைப் படிப்பதில்லை. தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் சில திரைகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றியும் கட்டம் போகாவிட்டால், பாட்டுக் கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயர்க் குறிப்பைத் திருத்துங்கள். திரை காட்டுவது பல சமயம் அதைத்தான். கைப்பேசிச் செயலிகளைக் கார்த்திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ கம்பி வழியாக வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். மலிவான சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். கேபிளைச் செருகும் காரின் துளையும் அப்படியே, மின்னல் குறி மட்டும் போட்டது பெரும்பாலும் சார்ஜுக்கானது.

ஒலி அமைப்பில் பேஸை, அதாவது அடி ஒலியை, ஏற்றிவிட்டால் பாடகர் குரல் அமுங்கிவிடும். நம் பாட்டுக்கு வரிகள் கேட்க வேண்டும். பேஸை ஒன்றிரண்டு படி இறக்கி, நடு ஒலியை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். பின்னால் குழந்தை தூங்கினால் ஒலியை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் தள்ளலாம். இரண்டு தடத்துக்கு நடுவே வரும் மோட்டார் சைக்கிள்களின் ஹார்ன் காதில் விழும் அளவுக்கு மேல் ஒலி வேண்டாம். கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போவில் காலை நேரத்தில் ஓட்டியவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது நம் நாட்டில் குற்றம். பாட்டு மாற்றவும் அழைப்பை எடுக்கவும் ஸ்டியரிங் பொத்தான்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டாலும் கிளப்பிப் பாருங்கள். புதிதாக ஒரு ஸ்மார்ட் சாவி செய்து காரோடு பதிவு செய்வது செலவுள்ள வேலை. விற்கிறவர்கள், காரைக் கொடுப்பதற்கு முன் திரையின் புளூடூத் பட்டியலிலிருந்து உங்கள் கைப்பேசியை நீக்கி, அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டு முகவரியும் சொந்தக்காரர்களின் எண்களும் அதில்தான் இருக்கின்றன.