வெள்ளச் சமவெளியில் வரும் குடியிருப்புத் திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி?

ஆற்றோரத் தாழ்நிலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கூடுவதும் கோஷம் எழுப்புவதும் இயல்பு. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரியின் கோப்பில் இருப்பவை விண்ணப்பதாரரின் வரைபடங்களும் பொறியாளர் அறிக்கைகளும்தான். உரிய தேதிக்குள் எழுத்து வடிவில் அந்தக் கோப்புக்குள் போய்ச் சேராத எதிர்ப்பு, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பெரும்பாலும் கணக்கில் வராது. ஆகவே ஆட்சேபத்துக்கான கடைசி நாள் எது என்பதையும், திட்டம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும் கட்டத்திலேயே தலையிடுவது நல்லது. அது முடிந்துவிட்டால் அங்கே கட்டலாமா என்ற கேள்வி மூடப்பட்டு, எப்படிக் கட்டலாம் என்ற கேள்வி மட்டுமே மிஞ்சும்.

அடுத்து, ஆவணங்களை முழுமையாகப் பெற வேண்டும். சுருக்க அறிக்கை எப்போதும் நம்பிக்கையூட்டும்படியாகவே எழுதப்பட்டிருக்கும். நமக்குத் தேவையானவை பின்னிணைப்புகளில் கிடக்கும் நில உயர அளவீடுகள், வெள்ள அபாய மதிப்பீடு, மழைநீர் வடிகால் வடிவமைப்பு, நிரப்பப்போகும் மண்ணின் கன அளவு ஆகியவை. சிறு குறிப்புகளையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1940களில் கட்டப்பட்ட ஆடிக்ஸ், பார்க்கர் என்னும் இரு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் முழுமையாக நிரம்பினால் நீர் பரவக்கூடிய நிலத்தில் ஒரு பகுதியை அரசு வாங்காமல் விட்டது. பிற்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. அந்த அபாயம் சில மனைப்பிரிவு வரைபடங்களில் ஒரு குறிப்பாகப் பதிவாகியே இருந்தது. 2017ஆம் ஆண்டு ஹார்வி புயலின்போது தேங்கிய நீர் அந்த வீடுகளுக்குள் புகுந்தது.

ஆட்சேபத்தின் முதுகெலும்பாக இருக்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த நிலத்தில் இதுவரை தங்கிய தண்ணீர் இனி எங்கே போகும்? 10 ஹெக்டேர் நிலத்தை 1.5 மீட்டர் உயரத்துக்கு மண்ணிட்டு மேடாக்கினால், வெள்ளக் காலத்தில் அங்கே நின்றிருக்கக்கூடிய 1,50,000 கன மீட்டர், அதாவது 15 கோடி லிட்டர் நீருக்கு வேறு இடம் வேண்டும். புதிய வீடுகள் மேட்டில் பத்திரமாக இருக்கலாம். அந்த நீர் எதிர்க்கரைக்கோ பக்கத்துத் தெருக்களுக்கோ போகும். விண்ணப்பதாரர் இதற்குப் பதிலாக ஒரு குளம் வெட்டித் தருவதாகச் சொல்வார். குளத்தின் கொள்ளளவைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. இழந்த கொள்ளிடம், அதாவது வெள்ளநீர் தங்கியிருந்த இடம், எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் ஈடு செய்யப்பட வேண்டும். தாழ்வாக வெட்டிய குளம் நிலத்தடி நீராலும் வெள்ளத்தின் தொடக்கத்திலேயே வரும் நீராலும் நிறைந்துவிடும். வெள்ளம் உச்சத்தைத் தொடும் நேரத்தில் அதில் இடமே இருக்காது. மட்டத்துக்கு மட்டம் எவ்வளவு கொள்ளளவு போகிறது, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற அட்டவணையைக் கேளுங்கள். அது இல்லையென்றால் இல்லை என்பதையே ஆட்சேபத்தில் பதிவுசெய்யுங்கள்.

‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்ற சொற்றொடரையும் விளக்கியாக வேண்டும். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்துவிட்டதால் இந்த ஆண்டு வராது என்பதில்லை. 30 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். இந்த ஒரு கணக்கு, பக்கம் பக்கமான வருணனையைவிட முடிவெடுப்பவர்களின் மனத்தில் நிற்கும்.

வெள்ளம் எங்கே, எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று கணிக்கும் கணினி மாதிரியைப் பொறுத்தவரை, அது தவறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. அதற்குள் ஊட்டப்பட்ட அனுமானங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும். எந்த ஆண்டு வரையிலான மழைப் பதிவுகள் பயன்பட்டன, ஆறு நிறைந்து ஓடும்போதே உள்ளூரிலும் கனமழை பெய்தால் வடிகால் நீர் எங்கே வடியும், சிறுபாலங்கள் குப்பையால் பாதி அடைபட்டால் நீர்மட்டம் எவ்வளவு உயரும், இதே சமவெளியில் ஏற்கெனவே அனுமதி பெற்ற மற்றத் திட்டங்கள் சேர்க்கப்பட்டனவா என்று வரிசையாகக் கேட்கலாம். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஒவ்வொரு திட்டமும் தன்னால் நீர்மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே உயரும் என்று தனித்தனியாகச் சொல்லும். மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. திரட்டிய நன்கொடையைப் பதாகைகளுக்குச் செலவிடுவதைவிட, மாதிரியைச் சரிபார்க்கும் சுயேச்சையான நீரியல் வல்லுநர் ஒருவருக்குக் கொடுப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

வல்லுநரிடம் இல்லாத சான்று உள்ளூர்க்காரர்களிடம் இருக்கிறது. பழைய வெள்ளப் படங்களில் தேதியும், இன்றும் இருக்கும் ஒரு சுவரோ கம்பமோ தெரியவேண்டும். அப்போதுதான் நீர் நின்ற உயரத்தை நில அளவையாளரைக் கொண்டு அளந்து மாதிரியின் கணிப்போடு ஒப்பிட முடியும். முதியவர்களின் நினைவுகளை எந்த ஆண்டு, எந்த இடம், எதுவரை நீர் வந்தது என்ற விவரங்களோடு கையொப்பமிட்ட வாக்குமூலமாகப் பெறலாம்.

வீடுகளின் தரைமட்டம் உயரமாக இருந்தாலும் அவற்றுக்குச் செல்லும் சாலை மூழ்குமா என்று பாருங்கள். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் பாயும் நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும். ஆம்புலன்ஸ் போக முடியாத மேடு ஒரு தீவுதான்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. நம் வீட்டின் விலை குறையும், காட்சி மறையும், வெளியாட்கள் வருவார்கள் என்ற வாதங்கள் மனுவைச் சுயநலமாகக் காட்டும். கடைசி வாதம் அநியாயமும்கூட, ஏனெனில் வெள்ளத்தில் முதலில் அவதிப்படப்போவது அங்கே குடிவருபவர்களாகவும் இருக்கலாம். ஒரே வாசகத்தைப் பலர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, வெவ்வேறு காரணங்களை எழுதிய சில கடிதங்களுக்கு மதிப்பு அதிகம். வீட்டுத் தேவையை மறுக்காமல் மேட்டு நிலத்தில் மாற்று இடங்களைச் சுட்டிக்காட்டுவது இன்னும் நல்லது. வெள்ள அபாயம் குறைந்த இடம் கிடைக்குமா என்று முதலில் பார்த்த பிறகே அபாயம் மிகுந்த நிலத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் திட்ட அனுமதிக் கொள்கையிலேயே இருக்கிறது. நெதர்லாந்தோ, 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு எதிர்த்திசையிலேயே நடந்தது: ‘ஆற்றுக்கு இடம்’ என்னும் திட்டத்தில் நைமேகன் நகருக்கு எதிரே லெண்ட் பகுதியில் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு விஷயம் என்று பிரித்துக்கொண்டு சுருக்கமாகப் பேசி, பேசியதன் பிரதியைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கான கால வரம்பு பெரும்பாலும் குறுகியது. அதோடு, மறுப்பே நம் முதன்மைக் கோரிக்கை என்று தெளிவாக எழுதிவிட்டு, ஒருவேளை அனுமதித்தால் விதிக்க வேண்டிய நிபந்தனைகளையும் அதே மனுவில் கேட்பது சரணாகதி ஆகாது: வீடுகளுக்கு முன்பே ஈட்டுக் கொள்ளிடம் தயாராக வேண்டும், வடிகாலை யார் எத்தனை ஆண்டு பராமரிப்பார் என்பது பதிவாக வேண்டும், மண் நிரப்பும் உயரத்துக்கு வரம்பு வேண்டும். அந்த வரம்பு மீறப்பட்டதை நிரூபிக்க இப்போதைய தரைமட்டம் தெரிந்திருக்க வேண்டும். எனவே முதல் மண் லாரி வருவதற்கு முன்பே, பொது இடங்களிலிருந்தும் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களின் சம்மதத்தோடும், எல்லையோர உயரங்களை அளந்து தேதியிட்டுச் சான்றுபெற்று வைத்துக்கொள்ளுங்கள்.