ஸ்னீக் அட்டாக் விதியைச் சொல் சொல்லாகப் படிப்பது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டில் ரோக் கிளாஸை (தந்திரமாகத் தாக்கும் பாத்திர வகையை) எடுக்கும் புதியவர்கள் முதல் சண்டையிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "நான் ஒளிந்துகொள்ளவே இல்லையே, எனக்கு ஸ்னீக் அட்டாக் வருமா?" வரலாம். ரோக்கின் அடிக்குக் கூடுதல் சேதம் தரும் திறன்தான் ஸ்னீக் அட்டாக். 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதியை வைத்துப் பார்ப்போம்.

படி 1: பெயரை ஓரமாக வையுங்கள்

விதியின் முதல் வாக்கியம், எதிரி கவனம் சிதறும்போது நுட்பமாகத் தாக்க உங்களுக்குத் தெரியும் என்கிறது. அதில் தாக்குதலுக்கான நிபந்தனை எதுவும் இல்லை. அழகுக்காகப் போட்ட வரி. ஒளிந்திருக்க வேண்டும், முதுகுப்பக்கம் நிற்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. எழுதாததை நாமாகச் சேர்க்க வேண்டாம்.

படி 2: மீதியைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு டர்னுக்கு ஒரு முறை. உங்கள் அடி இலக்கின் மீது பட்டிருக்க வேண்டும். ஆயுதம் ஃபினெஸ் (வலிமைக்குப் பதில் லாகவத்தால் கையாளக்கூடியது) அல்லது ரேஞ்ச்டு (வில் போன்றது) ஆயுதமாக இருக்க வேண்டும். இவற்றோடு தாக்குதல் பகடைக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருந்தால், முதல் லெவலில் கூடுதலாக 1டி6, அதாவது ஓர் ஆறு முகப் பகடை அளவு டேமேஜ் (சேதம்).

அட்வான்டேஜ் இல்லையா? இன்னொரு வழி இருக்கிறது. இலக்குக்கு எதிரியான வேறொருவர் அதற்கு 5 அடிக்குள் இருக்க வேண்டும். அவர் செயலிழந்து கிடக்கக் கூடாது. உங்கள் பகடைக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) இருக்கக் கூடாது. நடைமுறையில் ரோக்குக்கு அதிகம் கைகொடுப்பது இந்த வழிதான். கூட்டாளி ஃபைட்டர் (போர்வீரர்) ஆர்க் என்ற அரக்கனோடு மல்லுக்கு நின்றால் போதும், நீங்கள் தூரத்திலிருந்து அம்பு விடலாம்.

படி 3: ஆயுதத்தைச் சரிபாருங்கள்

விதி கேட்பது ரேஞ்ச்டு ஆயுதம். தூரத்திலிருந்து தாக்கினால் போதும் என்று சொல்லவில்லை. கைக்கோடரியை எறிந்தால் கிடைக்காது, அது மெலே (நெருங்கிச் சண்டையிடும்) ஆயுதம், ஃபினெஸும் இல்லை. டாகரை (குத்துவாளை) எறிந்தால் கிடைக்கும், ஏனென்றால் அது ஃபினெஸ். ஃபயர் போல்ட் போன்ற மந்திரம் ஆயுதமே அல்ல.

படி 4: டர்ன் வேறு, ரவுண்ட் வேறு

அதிகம் சண்டை வருவது இங்கேதான். ரவுண்ட் என்பது எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் 6 விநாடி. அதற்குள் ஆளுக்கொரு டர்ன். விதி "டர்னுக்கு ஒரு முறை" என்கிறது, "உங்கள் டர்னில்" என்றுகூடச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் டர்னில் ஒரு முறை ஸ்னீக் அட்டாக் செய்துவிட்டு, அப்புறம் எதிரி தன் டர்னில் உங்களை விட்டு விலகி ஓடும்போது, பதிலுக்கு உடனே செய்யும் ரியாக்‌ஷனால் வாளை வீசினால், நிபந்தனை சரியாக இருக்கும்வரை மறுபடியும் கிடைக்கும். ஆட்டத்தை நடத்தும் சில டிஎம்கள் முகம் சுளிப்பார்கள். எழுத்து உங்கள் பக்கம்தான்.

இன்னொன்று: விதி அடி பட்டதற்குத்தான். இரண்டு ஷார்ட்சோர்டு வைத்திருந்து முதல் வீச்சு தவறினால் வாய்ப்பு வீணாகாது, அதே டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் வரும் இரண்டாவது வீச்சில் பயன்படுத்தலாம்.

படி 5: இரண்டும் சேர்ந்து வந்தால்

ஷார்ட்போவின் (சிறிய வில்லின்) இயல்பான எல்லை 80 அடி. மறைவிடத்திலிருந்து 100 அடி தூரத்தில் இருப்பவரைக் குறிவைத்தால், மறைந்திருப்பதால் அட்வான்டேஜ், தூரத்தால் டிஸ்அட்வான்டேஜ். இரண்டும் ரத்தாகி, இரண்டுமே இல்லாத நிலை வரும். முதல் வழி போச்சு. ஆனால் டிஸ்அட்வான்டேஜும் இல்லை அல்லவா? ஃபைட்டர் இலக்கின் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது.

படி 6: எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

2014 பதிப்பு இலக்கின் "எதிரி" என்கிறது, உங்கள் நண்பன் என்று சொல்லவில்லை. ஆர்க்கோடு பகை கொண்ட ஓநாய் பக்கத்தில் நின்றாலும் சரி, அது உங்களையும் கடிக்கப் பார்த்தாலும் சரி. 2024 திருத்தத்தில் அதை உங்கள் கூட்டாளி என்று மாற்றிவிட்டார்கள். ஓநாய் இனி உதவாது.

படி 7: ஒரு தடவை உருட்டிப் பாருங்கள்

லெவல் 5 ரோக், டெக்ஸ்டெரிட்டி (லாகவம்) +4, ஷார்ட்போ. ஆர்க்கின் பக்கத்தில் ஃபைட்டர். இருபது முகப் பகடையில் 9, அதோடு டெக்ஸ்டெரிட்டிக்கு 4, தேர்ச்சிக்கு 3 என 7 சேர்த்து 16. ஆர்க்கின் ஆர்மர் கிளாஸ் (அடி படத் தேவையான எண்) 13, அடி பட்டது. அம்புக்கு 1டி6-இல் 4, டெக்ஸ்டெரிட்டிக்கு 4, லெவல் 5-க்கான 3டி6-இல் 10. மொத்தம் 18. ஆர்க்கின் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 15, ஆள் காலி. பகடையில் 20 விழுந்திருந்தால் ஸ்னீக் அட்டாக் பகடைகளும் இரட்டிப்பாகி 6டி6 ஆகும். அந்த +4 மட்டும் அப்படியே நிற்கும்.