புல்வெளித் தவளைகளைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் நீலகிரி மேல்மலைக்கு முதல்முறை கணக்கெடுக்க வந்த சில மாணவர்களோடு இரண்டு இரவு நடந்தேன். டார்ச் கைக்கு வந்ததும் எல்லோரும் நேராக ஓடைக்குத்தான் இறங்கினார்கள். நானும் அப்படித்தான் இறங்கியவன். அட்டைக்கடி, மழைக்கோட்டு சமாச்சாரமெல்லாம் ஒருமுறை போனாலே புரிந்துவிடும், அதை விடுங்கள்.

தலைப்பிரட்டை இல்லை, அதனால் தவளையும் இல்லை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ராவோர்செஸ்டெஸ் என்ற பேரினத்துப் புதர்த்தவளைகளுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான புல்லடியிலோ இலையிலோ முட்டையிடும், முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். 2010இல் விவரிக்கப்பட்ட, ஆனைமுடி உச்சியில் வாழும் ஓர் ஆரஞ்சுத் தவளை குட்டை மூங்கில் தூரின் அடியில்தான் முட்டையிடுகிறது. ஓடையைத் துழாவி என்ன பயன்?

பல வருடங்களுக்கு முன் ஒரு சரிவில் நான்கு நாள், அதுவும் பகலில், ஓடையை மட்டும் அலசிவிட்டு அறிக்கையில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எடுத்துக்கொண்டு மரக்கன்று நட்டுவிட்டார்கள். அடுத்த ஜூலையில் இரவில் போனால், குழிகளுக்கு நடுவே மிஞ்சிய புல்லிலிருந்து தவளை டிக் டிக் என்று கூப்பிடுகிறது. 'தேடவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடைத் தவளையின் தலைப்பிரட்டையை வெள்ளமாவது வேறிடம் சேர்க்கும். இவற்றின் குட்டி நெல்மணி அளவுதான், அடுத்த புல்வெளிக்கு ஈரத்தரை வழியாகத் தானே தத்திப் போக வேண்டும். நடுவில் தார்ச்சாலையோ காய்ந்த சீகை (வாட்டில் மரம்) தோப்போ வந்துவிட்டால் அந்தத் துண்டிலேயே பிறந்து அந்தத் துண்டிலேயே முடிந்துபோகும்.

பச்சை தெரிந்தால் காடு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது

பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த இடத்தில் தோட்டமரங்களும் விவசாயமும். மேலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

சேற்றுக் காலணியோடு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவது

கூடாது. தவளைத் தோலில் நோய் உண்டாக்கும் கைட்ரிட் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரே இரவு

போதாது.

சாணியைப் பார்த்ததும் மாட்டைக் குற்றம் சொல்வது

தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த மலை இது. எத்தனை மாடு, எந்த மாதம், மேய்ந்தபின் எவ்வளவு புல் மிஞ்சுகிறது என்று பாருங்கள். புல்வெளி சிறு சிறு துண்டாகிவிட்டால் அதே மந்தை ஒரே துண்டில் திரும்பத் திரும்ப மேயும், புல் தரையோடு போய்விடும், அடியில் வெயில் இறங்கி முட்டை காய்ந்துவிடும். அதனால் ஸ்கேல் வைத்துப் புல்லின் உயரத்தை அளந்து குறியுங்கள். அப்புறம், மேய்ப்பவரிடம் எங்கே சத்தம் கேட்கிறது என்று கேட்டுவிட்டு டார்ச்சை எடுங்கள்.